அண்ணாமலைக்கு பைக்கில் போகிறீர்களா? பையில் முதலில் தூக்கத்தை வையுங்கள்!

"அம்மா, இந்தப் பௌர்ணமிக்கு நாங்க ஆறு பேர் பைக்லயே திருவண்ணாமலை போறோம். கிரிவலம் முடிச்சுட்டு அப்படியே ஜவ்வாது மலை. மொத்தம் நாலு நாள்!"

சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு உங்கள் மகன் இப்படி அறிவித்தால் என்ன சொல்வீர்கள்? "ஏன்டா, ஊர்ல பஸ்ஸே இல்லையா?" என்பீர்கள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஹெல்மெட்டை மறக்காதே" என்பார். வீட்டுப் பெரியவர்களின் பங்கு அதோடு முடிந்துவிடும். பிள்ளை அன்று ராத்திரியே நண்பர்களோடு போனில் உட்கார்ந்து என்ன ஜாக்கெட், என்ன பை, யாரிடம் கேமரா என்று லிஸ்ட் போட ஆரம்பித்துவிடுவான்.

அந்த லிஸ்ட்டை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். டார்ச் லைட் முதல் சிப்ஸ் பாக்கெட் வரை எல்லாம் இருக்கும். யார், எங்கே, எத்தனை மணி நேரம் தூங்கப் போகிறார்கள் என்பது மட்டும் இருக்காது!

இதென்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து மேல்மருவத்தூர், திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை சுமார் 190 கிலோமீட்டர். வழக்கமாக இந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வெள்ளிக்கிழமை காலை 5 மணிக்கு எழுந்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஆபீஸ். சாயங்காலம் 6 மணிக்கு வண்டியை எடுத்தால், வழியில் டீ, டிபன் எல்லாம் முடித்து ராத்திரி 11 மணிக்கு ஊர் போய்ச் சேர்கிறார்கள். உடனே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு 14 கிலோமீட்டர் நடை. முடியும்போது விடியற்காலை 4 மணி. "ரூம் எதுக்குடா வேஸ்ட்டா? ரெண்டு காபி குடிச்சா கிளம்பிடலாம்" என்று ஒருவன் சொல்வான். மற்ற ஐந்து பேரும் தலையாட்டுவார்கள்.

அப்போது அவர்கள் கண் விழித்து 23 மணி நேரம் ஆகியிருக்கும். வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது 28 மணி நேரம்!

1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் எப்படி வேலை செய்கின்றன, மது அருந்தியவருக்கு எப்படி என்று ஒப்பிட்டார்கள். 17 மணி நேர விழிப்பு என்பது ரத்தத்தில் 0.05 சதவிகித ஆல்கஹால் இருப்பதற்குச் சமம் என்று தெரிந்தது. 24 மணி நேரம் என்றால் 0.10 சதவிகிதம். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் அளவோ 0.03 சதவிகிதம்தான். அதாவது, ஒரு சொட்டு மது தொடாமல், நெற்றி நிறைய விபூதியோடு, கிட்டத்தட்ட மூன்று மடங்கு 'போதை'யில் உங்கள் பிள்ளை வண்டி ஓட்டுகிறான். போலீஸ்காரர் ஊதச் சொன்னால் மெஷின் பூஜ்யம் காட்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு நெருங்கிய உறவுக்காரப் பையன் ஒருவன் இப்படித்தான் திரும்பி வந்தான். செஞ்சி தாண்டி, நேரான ரோடு, எதிரே வண்டியே இல்லை. "தூங்கவே இல்லை அத்தை, ரோட்டைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். திடீர்னு புளிய மரம் பக்கத்துல கிடந்தேன்" என்றான். காறை எலும்பு உடைந்து ஆறு வாரம் தோளில் கட்டு. தலை தப்பியது ஹெல்மெட் புண்ணியம். அவன் பொய் சொல்லவில்லை. தூக்கம் போதாத மூளை, கண் திறந்திருக்கும்போதே இரண்டு மூன்று விநாடி தூங்கி எழுந்துகொள்ளும். தூங்கியது அவனுக்கே தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்பது 50 மீட்டர் தூரம். அத்தனை தூரம் வண்டியில் ஆளே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காபி இதற்கு மருந்தா? கொஞ்ச நேரத்துக்கு. முகத்தில் தண்ணீர் அடிப்பது, பாட்டுக் கேட்பது, சத்தமாகப் பேசிக்கொள்வதெல்லாம் அதைவிடவும் குறைவு. தூக்கத்துக்கு மாற்று தூக்கம்தான். வழியில் கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கடந்த ஐந்து கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று ஞாபகமில்லாமல் போனாலோ, பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்தி 20 நிமிஷம் படுத்து எழுவது காபியைவிட மேல்.

காலைக் கவனித்தீர்களா?

திருவண்ணாமலைப் பயணத்தில் இன்னொரு விஷயம் உண்டு. மற்ற ஊர்ப் பயணங்களில் இது கிடையாது. பைக்கில் பின் பிரேக் வலது காலில், கியர் இடது காலில். அந்த இரண்டு கால்களையும்தான் நாம் வெறும் பாதத்தோடு 14 கிலோமீட்டர் தார் ரோட்டில் நடக்க வைக்கிறோம்! இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் தரிசித்து முடிக்கும்போது பாதம் வீங்கியிருக்கும், கொப்புளம் கண்டிருக்கும். ஷூ நுழையாது. உடனே ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அவசரத்துக்கு பிரேக்கை அழுத்த வேண்டிய கால் வலிக்குப் பயந்து அரை மனதோடு அழுத்தும்.

அதனால் கிரிவலம் முடிந்த அன்று வண்டி கிடையாது என்று கிளம்பும் முன்பே ஆறு பேரும் பேசி முடிவெடுத்துவிட வேண்டும். நடந்து வந்ததும் காலை சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம். மேலே சுத்தமான துணிக்கட்டு போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு நடக்கவே நடக்காதீர்கள். கல் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. மறுநாள் அதே காலை ஷூவுக்குள் திணித்து எஞ்சின் சூட்டில் வைத்தால் சின்னக் காயம் பெரிய புண்ணாகும். கனமான சாக்ஸாவது போட்டுக்கொண்டு நடங்கள். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பௌர்ணமி அன்று ரூம் கிடைக்காதே என்பீர்கள். உண்மைதான். வண்டிகளைக்கூட ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்வார்கள். அங்கிருந்து கோபுரம் வரை நடப்பது கணக்கில் வராத தனி நடை. ரூமை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ரமணாசிரமத்தில் தங்குவதற்கும் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். இல்லையா, பௌர்ணமி அல்லாத நாளில் போங்கள். கிரிவலத்துக்கு எல்லா நாளும் நல்ல நாள்தான். கூட்டமும் குறைவு. ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1-ம் தேதி இந்த ஊருக்கு வந்தவர், 1950-ல் மறையும் வரை ஊரை விட்டு வெளியே போகவே இல்லை. நாம் ஒரு ராத்திரி தங்கினால் குறைந்தா போய்விடுவோம்?

நாலு நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நாள் விடியற்காலை, நல்ல தூக்கத்துக்குப் பிறகு புறப்பாடு. மதியத்துக்குள் ஊர் சேர்ந்து சாப்பிட்டு இரண்டு மணி நேரம் தூக்கம். வெயில் தாழ்ந்ததும் கிரிவலம். ராத்திரி முழுத் தூக்கம். இரண்டாம் நாள் கோயில், ஆசிரமம், ஓய்வு. மூன்றாம் நாள் போளூர் வழியாக ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் தங்கல். நாலாம் நாள் வீடு. முதல் நாள் வழியில் செஞ்சிக் கோட்டை கண்ணைப் பறிக்கும். 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வேறு சேர்ந்துவிட்டது. கீழே நின்று பார்த்துவிட்டுப் போகலாம். 'ராஜகிரி ஏறிவிட்டே போவோம்' என்று யாராவது கிளப்பினால் மட்டும் வேண்டாம். அந்தப் படிகளை ஏறி இறங்கிய கால்களுக்கு அதே நாளில் பைக்கும் கிரிவலமும் தாங்காது.

இனி மூட்டை முடிச்சு

முதலில் உடம்பின் மேல் இருக்க வேண்டியவை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2008-ல் வெளியான அலசலின்படி, விபத்தில் சிக்கும் பைக்காரர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பை ஹெல்மெட் 69 சதவிகிதம் குறைக்கிறது. மரணத்தை 42 சதவிகிதம். ஆனால் தாடைக்குக் கீழே பட்டை பூட்டியிருந்தால்தான்! ஆடும் பட்டையோடு போட்டால் கீழே விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். மற்றபடி கணுக்காலை மூடும் ஷூ, கையுறை, முழங்கையும் தோளும் மூடிய ஜாக்கெட். வியர்க்கும்தான். தோல் உரிவதைவிட வியர்ப்பது மேல்.

அடுத்தது பை. முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு நாலு நாள் ஓட்டுவது கழுத்துக்கும் இடுப்புக்கும் நாமே கொடுக்கும் தண்டனை. பாரம் வண்டியில் இருக்கட்டும். அதிலும் கனமானவை கீழே, சீட்டுக்கு அருகில். எல்லாவற்றையும் கேரியரின் மேல் கோபுரமாகக் கட்டினால் முன் சக்கரம் லேசாகி, வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. ஜவ்வாது மலைப் பாதையில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. பக்கவாட்டில் தொங்கும் பை சைலன்சரைத் தொடாமல் இருக்கிறதா என்று ஆளை உட்கார வைத்துப் பாருங்கள். வெறும் வண்டியில் தொடாது, பாரம் ஏறியதும் தொடும்.

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு எல்லோரும் வாங்குவார்கள். இழுத்து மாட்டும்போது கொக்கி நழுவினால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். கண் டாக்டர்கள் பார்க்கும் மோசமான காயங்களில் இதுவும் ஒன்று. மாட்டும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டே மாட்டினால் இன்னும் உத்தமம். தொங்கும் கயிற்று நுனி, துப்பட்டா, புடவைத் தலைப்பு மூன்றும் சக்கரத்துக்கும் செயினுக்கும் ஒன்றுதான். பெண்கள் துப்பட்டாவைச் சுற்றி முடிந்து ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள்.

துணி? எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டு செட் போதும், ராத்திரி அலசிப் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு செட்டையும் தனித்தனி பாலிதீன் கவரில் போடுங்கள். மழை எந்தப் பைக்குள் புகும் என்று யாருக்குத் தெரியும்? ரெயின் கோட் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே. உள்ளாடை பருத்தியாக, தையல் உறுத்தாததாக இருக்கட்டும். நாலு நாள் சீட்டில் உட்கார்ந்தால் தொடை இடுக்கில் புண் வரும் என்பதை எந்தப் பையனும் வீட்டில் சொல்ல மாட்டான். சாதம் பரிமாறும் கையோடு ஒரு பவுடர் டப்பாவையும் பையில் போட்டுவிடுங்கள்.

மருந்துப் பைக்கு வருவோம். பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பொவிடோன் அயோடின் மருந்து, பஞ்சு, காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், ஒட்டும் டேப், கத்தரிக்கோல். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அரை லிட்டரில் கலக்குவது தப்பு. பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

வைக்கக்கூடாத மருந்தும் உண்டு. ஜலதோஷம், அரிப்பு, வாந்தி என்றால் வீட்டில் நாம் எடுத்துக் கொடுக்கும் அவில், அவோமின், சிட்ரிசின், சில இருமல் சிரப்புகள் எல்லாம் தூக்கம் வரவழைப்பவை. அன்று வண்டி ஓட்டப் போகிறவருக்கு ஆகாது. உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையைக் கடலை மாதிரி போடுவதும் வேண்டாம். வெயிலில் நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

தினசரி மாத்திரை சாப்பிடுபவர் நாலு நாளுக்கு ஆறு நாள் மாத்திரையாக எடுத்து, பாதியைத் தன் பையிலும் பாதியை நண்பர் பையிலும் வைக்கட்டும். ஒரு பை தொலைந்தாலும் மாத்திரை நிற்காது. இன்சுலினை பெட்ரோல் டேங்க் மேலுள்ள பையிலோ வெயில்படும் பெட்டியிலோ வைத்தால் வீணாகிவிடும். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மூட்டைக்குள் அல்ல. 1952-ல் தென் அமெரிக்காவை நண்பரோடு ஒரு பழைய நார்ட்டன் பைக்கில் சுற்றக் கிளம்பிய மருத்துவ மாணவர் எர்னஸ்டோ சே குவேராவும் ஆஸ்துமாக்காரர்தான். வண்டி சிலி நாட்டில் உயிரை விட்டது. பயணத்தை அவர்கள் விடவில்லை!

பெண்களுக்குத் தனியாக ஒன்று. வழியில் டாய்லெட் சரியிருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் வருகிறீர்கள். நீர்க்கடுப்பும் மயக்கமும் அதனால்தான். பெட்ரோல் பங்க், நல்ல ஓட்டல் எங்கே என்று முன்பே பார்த்து நிறுத்தங்களை நீங்கள் சொல்லுங்கள், ஆண்கள் நிறுத்தட்டும்.

சின்னக் குழந்தையைக் கூட்டிப்போகலாமா என்றால், நாலு வயதுக்குக் கீழே இருந்தால் பெல்ட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி. அந்த வேகத்தில் ஹைவேயில் 190 கிலோமீட்டர் என்பது குழந்தைக்கும் வதை, நமக்கும் வதை. குழந்தையும் பாட்டியும் பஸ்ஸில் வரட்டும்.

வண்டியைப் பொறுத்தவரை சுருக்கமாக: ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் பிரேக், செயின், டயர், லைட் பார்த்துவிடுங்கள். முதல் நாள் பார்த்தால் புதிதாக மாட்டிய பாகத்தின் கோளாறு வழியில்தான் தெரியும். ஆள், பாரம் இரண்டும் ஏறும்போது பின் டயருக்குக் காற்று கொஞ்சம் கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. உபரி கிளட்ச் கேபிள், ஸ்பார்க் ப்ளக், பஞ்சர் கிட் ஆறு வண்டிக்கும் ஆறு வேண்டாம். ஒரே மாதிரி வண்டிகளுக்குச் சேர்த்து ஒன்று போதும். மலை ஏறும் முன் போளூரிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆறு வண்டி, ஒரே வேகம்

கூட்டமாகப் போகும்போது யார் வேகத்தில் போவது? கூட்டத்தில் யார் மெதுவோ, அவர் வேகத்தில். அவரை முன்னால் இருந்து இரண்டாவதாக விடுங்கள். கடைசியில் விட்டால் பாவம், எல்லோரையும் துரத்திப் பிடிப்பதிலேயே வேகம் கூடிவிடும். வழி தெரிந்தவர் முதலில், நிதானமான அனுபவசாலி கடைசியில். மருந்துப் பையும் பஞ்சர் கிட்டும் அந்தக் கடைசி வண்டியில் இருக்கட்டும். பின்னால் நிற்கும் வண்டிக்கு முன்னால் போனவர் உதவ முடியாதே! முன் வண்டி ஒரு மரத்தைத் தாண்டியதும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று சொல்லிப் பாருங்கள். அதற்குள் நீங்கள் அந்த மரத்துக்கு வந்துவிட்டால் இடைவெளி போதாது. கண்ணாடியில் பின் வண்டி தெரியவில்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி இடுப்பை நிமிர்த்துங்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலிருந்து நாலு மணி வரை தூக்கம் சொக்கும் நேரம். முழுச் சாப்பாட்டை ராத்திரிக்கு ஒத்தி வைத்துவிட்டு மதியம் இட்லியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மழைக்காலமென்றால் மலைப் பயணத்தைத் தள்ளிப்போட வெட்கப்படாதீர்கள். 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெங்கல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்திலேயே மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள்.

ஒவ்வொருவர் ஜாக்கெட்டிலும் ஒரு சீட்டு இருக்கட்டும். பெயர், ரத்த வகை, சாப்பிடும் மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டுப் போன் நம்பர். பூட்டிய செல்போனில் இருந்தால் ஊர்க்காரர் எப்படி எடுப்பார்? விபத்து என்றால் முதலில் 108. அடிபட்டவருக்குச் சோடா, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் இதே பாதையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசமாகப் பெறலாம்.

சைலன்சர் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விடுங்கள். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு. பையன் கிளம்பிப் பத்து நிமிஷத்தில் "எங்கேப்பா இருக்கே?" என்று போன் போடாதீர்கள். அவன் ஒரு கையால் எடுப்பான். நிற்கும் இடங்களில் அவனே பேசட்டும். திண்டிவனத்தில் ஒன்று, ஊர் சேர்ந்ததும் ஒன்று. அப்போதும் "சாமி பார்த்தியா?" என்று கேட்பதற்கு முன்னால் "ரூம் போட்டாச்சா? எத்தனை மணிக்குப் படுக்கப் போறே?" என்று கேளுங்கள். புளிசாதம் கட்டிக் கொடுப்பதாக இருந்தால் அன்று மதியத்துக்கு மட்டும் கொடுங்கள். டப்பாவை சைலன்சர் பக்கத்துப் பையில் வைக்க வேண்டாம்.